மைனஸ் 17

கணினி வலையமைப்பின் ஸ்விட்சில் செருகி, மின்சமிக்ஞையை ஒளியாக்கிக் கண்ணாடி இழையில் அனுப்பும் ஒளி மாட்யூல் விரல் நீளம்தான் இருக்கும். பின்பக்கம் மின்தொடுப்பு, முன்பக்கம் இரண்டு துளைகள்: ஒன்றில் ஒளி போகிறது, மற்றதில் வருகிறது. கொக்கியைத் தாழ்த்தி இழுத்தால் கையோடு வந்துவிடும். அந்தச் சௌகரியமே அதற்கு வினை. இணைப்பில் எது கெட்டாலும் முதல் பழி அதன் தலையில்தான்.

ஓர் இரவு, ஆறு கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 10 ஜிகாபிட் இணைப்பு ஒன்று விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது. 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் பத்து கிலோமீட்டர் வரை எட்டும் மாட்யூல் ரகம். எங்கள் பக்கம் வந்து சேரும் ஒளியின் அளவைப் பார்த்தேன்: மைனஸ் 17 டிபிஎம் (ஒளித்திறனின் அளவு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு). இந்த ரகத்துக்குத் தரநிலை சொல்லும் கீழ்வரம்பு மைனஸ் 14.4. மாட்யூலை மாற்றினேன், மைனஸ் 17.2. இன்னொன்றைப் போட்டேன், அதுவும் அப்படியே. மூன்றாவதை உறையிலிருந்து பிரிக்கும்போது மூத்த பொறியாளரின் அழைப்பு வந்தது.

“எதிர்முனையில் எவ்வளவு வாங்குகிறது?”

பார்க்கவே இல்லை. பார்த்தால், மைனஸ் 5. அங்கிருந்து கிளம்பும் ஒளி மைனஸ் 2. கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபெல் இழப்பு, இணைப்பிகளுக்குக் கொஞ்சம். இங்கேயும் மைனஸ் 5 வாக்கில் வந்திருக்க வேண்டும். பன்னிரண்டு டெசிபெல் எங்கோ காணாமல் போகிறது, அதாவது வர வேண்டிய ஒளியில் பதினாறில் ஒரு பங்குதான் வருகிறது. ஒரே கேபிளில் ஓர் இழை நலம், மற்றது நலமில்லை.

இணைப்பு வடத்தின் முனையை நுண்நோக்கியில் வைத்தேன். நடுவில், ஒளி புகும் இடத்திலேயே ஒரு கறுப்புத் திட்டு. இழையின் நடுவே ஒளி ஓடும் உள்ளகத்தின் விட்டம் சுமார் 9 மைக்ரான். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். துடைப்புப் பேனாவை ஒருமுறை அழுத்தினேன், ‘டிக்’ என்றது. அளவு மைனஸ் 5.1.

வெட்கமாக இருந்தது. அழுக்கு முனையை அதுவரை மாட்டிய ஒவ்வொரு மாட்யூலிலும் செருகி, தூசியைப் பங்கு போட்டுக் கொடுத்ததும் நான்தான். எல்லாவற்றின் துளைகளையும் துடைக்க வேண்டியிருந்தது.

குறைந்த ஒளி மட்டும்தான் எதிரி என்று எண்ண வேண்டாம். எண்பது கிலோமீட்டர் ரக மாட்யூல்கள் இரண்டை மேசைமேல் ஒரு மீட்டர் வடத்தால் இணைத்துச் சோதித்தவனும் நானே. இடையில் ஒளிகுறைப்பான் வைக்கவில்லை. மிகுந்த ஒளி பட்டு, அவற்றின் ஒளி வாங்கும் ஏற்பிகள் அதற்குப்பின் எந்த ஒளிக்கும் அசையவில்லை.

எங்கள் அலமாரியில் ‘பழுது’ என்று எழுதிய பெட்டி ஒன்று உண்டு. அந்த வாரக் கடைசியில் அதிலிருந்தவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து ஸ்விட்சில் செருகிப் பார்த்தேன். பாதிக்கு மேல் பச்சை விளக்கு எரிந்தது.