பயோடேட்டாவில் வியாசர்பாடி என்று இருந்தால்

மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன், ஆள் எடுக்கிற வேலையில் பாதி என் தலையில்தான். சமீபத்தில் மேலிடத்திலிருந்து ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட்டை இறக்கினார்கள். ஆபரேட்டர், டேலி கிளார்க், கேட் செக்யூரிட்டி என்று எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிக் அடித்து, உன் குணம் இந்த வகை என்று சொல்லும் நான்கு இங்கிலீஷ் எழுத்தை ஆளுக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டு வந்தார்கள். பையன்களுக்கு ஒரே குஷி. இனி புது ஆளையும் இதை வைத்தே எடுக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

அந்த நான்கெழுத்துச் சமாச்சாரத்துக்கு மையர்ஸ்-பிரிக்ஸ் என்று பெயர். கேத்தரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் மையர்ஸ், இருவரும் உளவியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் கிடையாது. கார்ல் யுங் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் குண வகைகளைப் பற்றி 1921இல் எழுதியதை எடுத்துக்கொண்டு இதை உருவாக்கினார்கள். அதற்காக நான் குறை சொல்லவில்லை, என் குறை வேறு. மனிதர்களில் பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருப்பார்கள், ரொம்பக் கூச்சமும் கிடையாது, ரொம்பக் கலகலப்பும் கிடையாது. அந்த நடுவிலேயே கோடு கிழித்து இந்தப் பக்கம் உள்முகம், அந்தப் பக்கம் வெளிமுகம் என்று பிரித்தால், கோட்டை ஒட்டி நிற்கிறவன் நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கமில்லாமல் எழுதும் நாளில் வேறு ஆளாகிவிடுவான். வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வெளியிடுகிற கம்பெனியே சொல்கிறது. நம்மிடம் கொண்டுவந்து விற்றவர் மட்டும் சொல்லவில்லை.

"சார், அப்படியே என்னைப் பத்திச் சொல்லுது" என்றார்கள் சிலர். சொல்லத்தான் செய்யும். பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு டெஸ்ட் வைத்து, உன் குணம் இதுதான் என்று ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் அதே வாசகங்கள், அதுவும் பெரும்பாலும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டபோது மாணவர்கள் போட்ட மார்க் 5க்குச் சராசரி 4.26. இதை அவர் வெளியிட்டது 1949இல். பீச்சில் உட்காரும் கிளி ஜோசியக்காரருக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

சரி, அப்போ டெஸ்ட்டே வேண்டாம், ஆளைப் பார்த்தாலே தெரியும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களோடுதான் எனக்குப் பெரிய சண்டை. ஆளைப் பார்த்து முடிவு செய்வதும் ஓர் அளவுதானே, அந்த அளவில் நார்த் மெட்ராஸ் ஆள் உட்காருவதற்கு முன்பே பாதி மார்க் போய்விடும். பயோடேட்டாவில் வியாசர்பாடி, காசிமேடு, கொடுங்கையூர் என்று இருந்தால் கேட்கிறவர் குரலே மாறும். "அந்த ஏரியாவா? ஏதாவது கேஸ் கீஸ் இருக்கா?" அண்ணா நகர்ப் பையனிடம் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. பதற்றத்தில் "இன்னா சார்" என்று வாய் தவறி வந்துவிட்டால் போச்சு, முரட்டு ஆள் என்று மனசுக்குள் எழுதி முடித்துவிடுவார்கள்.

பால் சாக்கெட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 2022இல் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டி மறுபடி கணக்குப் போட்டார்கள். தேர்வில் வாங்கும் மதிப்பெண்ணும் பிறகு செய்யும் வேலையும் கச்சிதமாகப் பொருந்தினால் 1, சம்பந்தமே இல்லை என்றால் 0. எல்லாரிடமும் வேலை சார்ந்த அதே கேள்விகளைக் கேட்டு, முன்பே முடிவு செய்த முறையில் மார்க் போடும் இன்டர்வியூவுக்கு 0.42, பட்டியலிலேயே அதுதான் முதலிடம். சும்மா உட்காரவைத்துப் பேசிப் பார்க்கிற இன்டர்வியூவுக்கு 0.19. குணங்களில் வேலைக்கு அதிகம் உதவுவது என்று சொல்லப்படுகிற பொறுப்புணர்வை அளக்கும் டெஸ்ட்டுக்கும் ஏறக்குறைய அதே 0.19தான். ஆக, "எனக்கு ஆளைப் பார்த்தாலே தெரியும்" என்கிற மேனேஜர் அந்தக் கேள்வித்தாளை விடப் பெரிய கெட்டிக்காரர் இல்லை.

ரயில்வேயைப் பாருங்கள். அசிஸ்டென்ட் லோகோ பைலட் வேலைக்குக் கம்ப்யூட்டரில் ஒரு திறன் தேர்வு உண்டு: நினைவாற்றல், சொன்னபடி செய்தல், தூரத்தைக் கணித்தல், கவனம், பார்த்ததும் பிடிபடும் வேகம். ஐந்திலும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மார்க் எடுக்க வேண்டும், யாருக்கும் தளர்வு கிடையாது. உனக்குக் கூட்டம் பிடிக்குமா, தனிமை பிடிக்குமா என்று கேட்பதில்லை. வண்டி ஓட்டத் தேவையானதை அளக்கிறார்கள். ஆனால் 2018 அறிவிப்பில் அந்தத் தேர்வின் கேள்விகள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும்தான் என்று போட்டிருந்தது. தண்டையார்பேட்டை லோகோ ஷெட்டை தினமும் பார்த்து வளர்ந்த பையன் தன் கவனத்தைக் காட்டுவதற்கு முன்னால் மொழியைத் தாண்ட வேண்டும்.

எங்கள் யார்டில் அடுத்து ரீச் ஸ்டாக்கர் ஆபரேட்டர் எடுக்கிறோம். நாற்பது அடிப் பெட்டியைத் தூக்கி வைக்கிற வண்டி அது, அரை அடி கணக்குத் தப்பினால் பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு ஆபத்து. அதனால் எல்லாரிடமும் ஒரே கேள்விகள், தமிழில்: "பெட்டியைத் தூக்கிட்டு இருக்கீங்க தம்பி, சிக்னல் காட்டுற ஆள் கண்ணுக்குத் தெரியல, என்ன பண்ணுவீங்க?" மூன்று பேர் தனித்தனியாக மார்க் போட்ட பிறகுதான் எங்களுக்குள் பேச வேண்டும். அப்புறம் காலிப் பெட்டியை வைத்து யார்டிலேயே ஓட்டிக் காட்டச் சொல்வோம். இவ்வளவுக்கும் ஒப்புதல் வாங்கிவிட்டேன்.

இன்டர்வியூ தாளில் முகவரி இருக்கக் கூடாது என்றதில்தான் இழுபறி. போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வேண்டுமே என்கிறார் எச்ஆர் மேடம். ஆளைத் தேர்வு செய்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் மேடம் என்றேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.