இலவம்பாடி நாற்றங்காலில் கடற்பாசியின் உறவுக்காரர்

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் இலவம்பாடிக்குப் போயிருந்தபோது, சித்தப்பா என்னை உட்காரக்கூட விடாமல் நேராக முள்ளுக்கத்திரி நாற்றங்காலுக்கு அழைத்துச் சென்றார். விதைத்துப் 18 நாளான நாற்றுகள் சோற்றுத் தட்டின் அளவுக்கு வட்ட வட்டமாகச் சாய்ந்து கிடந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். இலை இன்னும் பச்சையாகவே இருக்க, மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு வெந்த கீரைத்தண்டு போல நீர்கோத்து நூலாகச் சுருங்கியிருந்தது, விரல் பட்டதும் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. "பூஞ்சாணத்துக்குன்னு கார்பென்டாசிம் குடுத்தாங்க, ரெண்டு தரம் ஊத்திட்டேன், நாத்து சாஞ்சிக்கினேதான் போவுது" என்றார். மருந்து கலப்படம் என்பது அவருடைய சந்தேகம்.

மருந்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை, நோய்க்கு வைத்த பெயர்தான் தவறு. நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம், உருளைக்கிழங்கைக் கருக்கும் பைட்டோப்தோரா, கம்பின் அடிச்சாம்பலுக்குக் காரணமான ஸ்கிளிரோஸ்போரா ஆகிய மூன்றும் ஊமைசீட் என்னும் கூட்டத்தைச் சேர்ந்தவை. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு 'முட்டைப் பூஞ்சை' என்று பொருள் என்பதால், பெயரிலேயே பொய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழை இழையாக வளர்வதும் வித்து விடுவதும் பூஞ்சை போலத் தோன்றினாலும், மரபணு வழியில் இவற்றின் பங்காளிகள் டயாட்டம் எனும் ஒற்றைச்செல் பாசிகளும் பழுப்புக் கடற்பாசிகளுமே ஆகும். பூஞ்சையின் செல்சுவருக்குக் கைட்டின் என்ற உறுதியான நார்ப்பொருள் ஆதாரம் என்றால், இவற்றின் சுவர் பெரும்பாலும் குளூக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலிகளாலும் செல்லுலோசாலும் ஆனது.

கார்பென்டாசிம் பூஞ்சையின் டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு செல் பிரிவதைத் தடுக்கும். ஊமைசீட்டின் டியூபுலினில் அது போதிய அளவு ஒட்டுவதில்லை. 'அசோல்' வகை மருந்துகளோ பூஞ்சை தன் சவ்வுக்காக ஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருளைத் தயாரிக்கும் பட்டறையை அடைப்பவை. பித்தியமும் பைட்டோப்தோராவும் ஸ்டீராலைத் தயாரிப்பதே இல்லை, தாம் தாக்கும் செடியிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. இல்லாத பட்டறைக்குப் பூட்டுப் போட்டு என்ன பயன்?

பிடுங்கிய நாற்றுகளில் நான்கைந்தை ஈரக் காகிதத்தில் சுற்றி வேலூருக்கு எடுத்து வந்து, தண்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சுத்தமான தண்ணீரில் இரவெல்லாம் போட்டு வைத்தேன். காலையில் நுண்ணோக்கியின் கீழே, குறுக்குச்சுவர் இல்லாத இழைகளின் ஓரத்தில் வீங்கிய விரல்களைப் போல வித்துப்பைகள் தெரிந்தன. அவற்றில் ஒன்றின் நுனியிலிருந்து மெல்லிய குழாய் நீண்டு, அதன் முனையில் சோப்புக் குமிழி போன்ற உறை ஊதியது. பைக்குள் இருந்ததெல்லாம் அந்த உறைக்குள் வழிந்து, அங்கேயே துண்டு துண்டாகப் பிரிந்து துடிக்கத் தொடங்கியது. பைட்டோப்தோராவில் இந்தப் பிரிவு பைக்குள்ளேயே முடிந்துவிடும், வெளியே உறையில் நடந்தால் அது பித்தியம் என்று பாடம் நடத்துகிறோம். கால் மணி நேரம் கழித்து உறை உடைந்து, நீந்துவதற்கு வால் போன்ற இரண்டிரண்டு கசையிழைகள் கொண்ட இயங்கு வித்துகள் நாலா பக்கமும் சிதறி நீந்தின. ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் காட்டுவதுதான் என்றாலும், அன்று நான் தேநீரை மறந்துவிட்டேன்.

இந்த வித்துக்குச் செல்சுவர் கிடையாது, வெளியிலிருந்து உணவும் எடுக்காது. கையிருப்புத் தீர்வதற்குள், வேர் கசியவிடும் அமினோ அமிலங்களையும் சர்க்கரைகளையும் மோப்பம் பிடித்துப் போய்ச் சேர வேண்டும். வேரைத் தொட்டதும் கசையிழைகளை உதறிவிட்டு, சில நிமிடங்களில் சுவர் கட்டிப் பசைபோட்டு ஒட்டிக்கொண்டு, முளைக்குழாயை உள்ளே செலுத்துகிறது. பாத்தியில் ஒரு நாள் தேங்கும் தண்ணீர் இவற்றுக்கு ஏரி.

உள்ளே போன பித்தியம் பெக்டினையும் செல்லுலோசையும் கரைக்கும் நொதிகளைக் கொட்டுகிறது, தண்டு நீர்கோத்துக் குழைவது அதனால்தான். கூடவே என்எல்பி எனப்படும் நச்சுப் புரதத்தையும் விடுகிறது. நம் வெப்பத்தில் கொழிக்கும் பித்தியம் அபானிடெர்மாட்டம் என்ற இனத்தின் என்எல்பியைத்தான் 2009-இல் படிக வடிவில் ஆராய்ந்தார்கள். அதன் மடிப்பு, கடல் சாமந்தி என்ற கடலுயிரி தன் இரையின் செல்களில் ஓட்டையிடப் பயன்படுத்தும் நச்சின் மடிப்பை ஒத்திருந்தது. அது செடியில் எதைப் பற்றுகிறது என்பது 2017-இல்தான் தெரியவந்தது. செடிச் செல்லின் வெளிச்சவ்வில் சர்க்கரைத் தலையுடன் ஒருவகைக் கொழுப்பு இருக்கிறது. கத்தரி, தக்காளி போன்ற இருவித்திலைச் செடிகளில் அந்தத் தலையில் இரண்டு சர்க்கரைகள் உள்ளதால், நச்சு சவ்வோடு ஒட்டி அமர்ந்து துளைத்துவிடுகிறது. கேழ்வரகு, நெல் போன்ற ஒருவித்திலைச் செடிகளில் மூன்று சர்க்கரைகள் இருப்பதால், நச்சு பற்றினாலும் சவ்வுக்கு எட்டாமல் மேலேயே தொங்கிவிடுகிறது. ஒரே ஒரு சர்க்கரையின் உயரம்! அதற்காக ஒருவித்திலைச் செடிகளெல்லாம் தப்பித்தன என்று எண்ணிவிடக் கூடாது. நச்சு பலிக்காவிட்டாலும் நொதிகள் இருக்கின்றன, இஞ்சிக் கிழங்கையும் மஞ்சள் கிழங்கையும் அழுகவைப்பது இதே பித்தியம்தான்.

பைட்டோப்தோராவின் வழி வேறு. அது முதல் சில நாட்கள் செடியைக் கொல்லாமல், செல்லுக்குள் விரல் போன்ற உறிஞ்சு உறுப்பை நுழைத்து, எஃபெக்டர் புரதங்களை அனுப்பிச் செடியின் காவலை மயக்குகிறது. இவற்றில் பலவற்றின் தொடக்கத்தில் ஆர்-எக்ஸ்-எல்-ஆர் என்ற நான்கெழுத்து அடையாளம் உண்டு, ஒவ்வொரு எழுத்தும் ஓர் அமினோ அமிலத்தின் இடம். 1845-இல் அயர்லாந்தின் பஞ்சத்துக்கு வித்திட்ட பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் இனத்தின் மரபணுத்தொகுதியை 2009-இல் படித்தபோது, இந்த அடையாளத்துடன் 500-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் கிடைத்தன. அவற்றில் ஏவிஆர்3ஏ என்ற ஒன்றை, ஆர்3ஏ என்ற காவல் மரபணு உள்ள உருளைக்கிழங்கு அடையாளம் கண்டு, அந்த இடத்துச் செல்லைத் தானே சாகவிட்டு நோயை முடக்கும். அந்தப் புரதத்தில் இரண்டே அமினோ அமிலங்கள் மாறிய வடிவம் வந்தால் காவல் ஏமாந்துவிடுகிறது. 2010-இல் மரபணுத்தொகுதி படிக்கப்பட்ட பித்தியம் அல்டிமம் என்ற இன்னொரு இனத்தில் இந்த ஆர்-எக்ஸ்-எல்-ஆர் புரதங்களே காணப்படவில்லை. குழைத்துத் தின்பவனுக்கு மயக்கும் வித்தை எதற்கு என்று எனக்குத் தோன்றும்.

சித்தப்பாவிடம் இதில் கால்பங்குதான் சொன்னேன். காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரில் ஊற்றச் சொன்னேன். தாமிரம் பல புரதங்களை ஒருசேரக் கெடுப்பதால் ஊமைசீட்டுக்கும் அது விஷமே. ஊமைசீட்டுக்கென்றே உள்ள மெட்டலாக்சில் என்ற மருந்து இதைவிடக் கூர்மையானது, ஆனால் செல்லில் ஆர்என்ஏ தயாரிக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ்–1 என்ற நொதியை மட்டுமே இலக்காக நம்பியிருப்பது. விற்பனைக்கு வந்த சில ஆண்டுகளில், 1980-இலேயே, அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் உருளைக்கிழங்கு வயல்களில் அதற்கு அடங்காத பைட்டோப்தோரா தலைகாட்டிவிட்டது. ஆகவே முதலில் வடிகால் வெட்டி, அடுத்த விதைப்பை மேட்டுப்பாத்தியில், நோய்க்கிருமிகளை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற நன்மைப் பூஞ்சை கலந்த விதையைக் கொண்டு, நெருக்கமில்லாமல் செய்யலாம் என்று முடிவானது.

ஏழு பாத்தியில் நான்கு தேறின. மிச்சமிருந்த கார்பென்டாசிம் பொட்டலத்தைத் தூக்கிப் போடப் போனவரை நான்தான் தடுத்தேன். கொல்லையில் நிலக்கடலை இருக்கிறது, அதன் டிக்கா இலைப்புள்ளி உண்மையான பூஞ்சை, அதற்கு இந்த மருந்து கேட்கும்.