ஸ்பின்ட்ரானிக்ஸ் பிஎச்.டி. நேர்முகத் தேர்வு: ஒரு டனல் ஜங்ஷனை முழுசாகப் படியுங்கள்

ஸ்பின்ட்ரானிக்ஸில் (எலக்ட்ரானின் மின்னூட்டத்தோடு அதன் ஸ்பினையும் பயன்படுத்தும் துறை) பிஎச்.டி. நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் எம்.எஸ்சி. மாணவர்கள் பலர் ஸ்கிர்மியான், டோபாலஜிக்கல் இன்சுலேட்டர் என்று புதுசுகளில்தான் கை வைக்கிறார்கள். என் யோசனை வேறு. காந்த டனல் ஜங்ஷன் ஒன்றை, அதாவது எலக்ட்ரான்கள் மெல்லிய தடுப்பை ஊடுருவிக் கடக்கும் காந்த அடுக்கை, அடியிலிருந்து நுனிவரை படியுங்கள். என் தேர்வில் பெரும்பகுதி நேரம் போர்டில் அந்த ஒரு படத்தைச் சுற்றியேதான் போனது.

இரண்டு காந்தப் படலம், நடுவே மின்கடத்தாப் பொருள் என்று மூன்று கோடு போட்டால் போதாது. கீழ்ப் படலத்தின் காந்தத் திசை திரும்பாமல் நிற்க என்ன காரணம் என்று அடுத்த கேள்வி வரும். இரிடியம்-மாங்கனீசு எதற்கு, ஒரு நானோமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ருதேனியம் எதற்கு என்று சொல்லத் தெரிய வேண்டும். இரிடியம்-மாங்கனீசு தன்னை ஒட்டிய படலத்தின் காந்தத் திசையைப் பிடித்து நிறுத்துகிறது. ருதேனியத்தின் இருபுறமும் உள்ள படலங்கள் எதிரெதிராகக் காந்தமாவதால் வெளியே கசியும் புலம் பெருமளவு அடிபட்டுப்போகிறது.

அடுத்து, இரு காந்தப் படலமும் ஒரே திசையிலிருந்து எதிர்த்திசைக்கு மாறும்போது மின்தடை எவ்வளவு மாறும் என்று ஜூலியர் 1975-இல் தந்த சூத்திரம். மனப்பாடம் வேண்டாம், வருவித்துப் பாருங்கள், அரைப் பக்கம்தான். இரு பக்கமும் ஸ்பின் போலரைசேஷன் (எலக்ட்ரான்களில் ஒரு ஸ்பின் மற்றதைவிட எவ்வளவு மிகுதி என்ற அளவு) 0.5 என்று போட்டால் மின்தடை மாற்றம் 67 சதவீதம் வரும். ஆனால் 2004-இல் பார்க்கினும் யுவாசாவும் தனித்தனியே மெக்னீசியம் ஆக்சைடைத் தடுப்பாக வைத்து, அறை வெப்பநிலையிலேயே 200 சதவீதத்தை ஒட்டி எடுத்தார்கள். சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் போலரைசேஷன் 0.71 இருந்தாக வேண்டும். அலுமினா தடுப்பு வைத்து அளந்தபோது இரும்பு, கோபால்ட்டுக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட 0.4, 0.5தான். மிச்சம் எங்கிருந்து வந்தது?

இந்த இடத்தில் நேரம் செலவிடுங்கள், இந்தத் துறையின் அழகே இங்கேதான் இருக்கிறது. அலுமினா ஒழுங்கற்ற பொருள், எல்லா எலக்ட்ரான் நிலைகளும் கலந்து கடக்கும். படிக மெக்னீசியம் ஆக்சைடுக்குள் டெல்டா-1 என்ற சமச்சீர் வகை கொண்ட எலக்ட்ரான் அலைதான் மெதுவாகத் தேய்கிறது. இரும்பில் ஃபெர்மி மட்டத்தில் அந்தப் பட்டை ஒரு ஸ்பினுக்கு மட்டுமே உண்டு. ஆக, வடிகட்டுவது தடுப்புப் படலமும்தான். இதை 2001-இலேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள், சோதனை பின்னால் வந்தது.

இந்த ஜங்ஷன் நினைவகத்தில் ஒரு பிட்டாகவும் பயன்படும்; அதில் தகவல் எவ்வளவு நாள் தங்கும் என்ற கணக்கையும் கையால் போட்டுப் பழகுங்கள். ஆற்றல் தடை வெப்ப ஆற்றலைப்போல 40 மடங்கு, முயற்சி நேரம் (காந்தத் திசை புரள முயலும் இடைவெளி) 1 நானோ விநாடி என்றால் ஒரு பிட் சராசரியாக ஏழு வருடத்துக்குச் சற்று மேல் தாங்கும். ஒரு பிட்டுக்கு இது பரவாயில்லை. கோடிக்கணக்கான பிட் உள்ள சிப்பில் சில முன்னதாகவே புரண்டுவிடும். அதனால்தான் 60 மடங்குக்கு மேல் கேட்கிறார்கள். தடையை உயர்த்தினால் எழுதும் மின்னோட்டமும் ஏறும். ஸ்பின் டார்க் (மின்னோட்டத்தின் ஸ்பினால் காந்தத் திசையைத் திருப்பி எழுதும் முறை) பற்றிய கேள்விகள் பெரும்பாலும் இந்த இழுபறியிலிருந்தே கிளம்புகின்றன.

ராட்சதக் காந்தமின்தடையை 1988-இல் கண்டுபிடித்த ஃபெர்ட், குருன்பெர்க், அவர்களின் 2007 நோபல் எல்லாம் ஒரு மாலைக்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் காந்தப்புல அலகான ஓயர்ஸ்டெட்டை டெஸ்லாவுக்கு மாற்றிப் பழகுங்கள். ஹிஸ்டெரிசிஸ் வளைவை (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாதல் மாறும் வரைபடம்) கையில் கொடுத்து, "இந்தப் படி ஏன் இங்கே விழுகிறது?" என்று கேட்பார்கள்.