அப்பாவின் போன் வீட்டுக்கு வரும் நேரம்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது முதலாம் ஆண்டு பி.எஸ்சி. கணிதப் பிள்ளைகளுக்கு மேட்ரிக்ஸ் (எண்களை வரிசை வரிசையாக அடுக்கிப் போடும் கணக்கு) பாதி முடித்திருந்தேன். முதலில் ஜூம். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும், ஒரு கணக்கு பாதியில் நிற்கும், திரும்ப எல்லாரும் உள்ளே வருவதற்குள் அந்தக் கணக்கே மறந்திருக்கும். அப்புறம் கூகுள் மீட்டுக்குப் போனோம். 58 பேர் இருக்க வேண்டிய வகுப்பில் 20 பேர் வந்தாலே அதிகம்.

வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் இரவு ஒரு மாணவியின் வீட்டுக்குப் பேசினேன். "சார், போன் அவங்க அப்பாகிட்ட இருக்கும், வேலைக்கு எடுத்துட்டுப் போயிருவாங்க, எட்டரைக்குத்தான் வருவாங்க" என்றார் அம்மா. மறுநாள் எல்லாரையும் கேட்டுப் பார்த்தால், பாதிப் பேர் வீட்டில் இதே நிலைமை. காலை பத்து மணிக்கு வகுப்பு வைத்தது என் தப்பு.

அன்றிலிருந்து நேரலையைக் குறைத்துவிட்டேன். வெள்ளைத்தாளில் கணக்கைப் போட்டுப் படம் எடுப்பேன், அதற்கு விளக்கமாகப் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்வேன், இரண்டையும் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். வீடியோவோடு ஒப்பிட்டால் குரல் பதிவுக்கு டேட்டா ஒன்றுமே இல்லை, சிக்னல் விட்டு விட்டு வரும் ஊரிலும் இறங்கிவிடும், புரியாவிட்டால் நாலு தடவை கேட்கலாம். இரவு ஒன்பதிலிருந்து பத்தரை வரை சந்தேகம் கேட்கிற நேரம். நோட்டைப் படம் எடுத்து அனுப்புவார்கள், எந்த வரிசையைக் கழிக்கும்போது குறி மாறியது என்று சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். வகுப்பில் ஒரு வருஷமாக வாயே திறக்காத பையன் ஒருவன் குரல் பதிவில் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டான். அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இடையில் ஜூன் கடைசியில் 59 சீனச் செயலிகளுக்குத் தடை வந்தது. எங்கள் பிள்ளைகள் விடைத்தாளை ஸ்கேன் செய்யப் பழகியிருந்த கேம்ஸ்கேனரும் அந்தப் பட்டியலில் இருந்ததால், வேறொரு செயலியை ஒவ்வொருவருக்கும் போனிலேயே சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் ஓடியது.

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல திட்டம், மறுக்கவே மாட்டேன். ஆனால் சொந்தமாகப் போன் இல்லாத பிள்ளை அந்த சிம்மை எதில் போடும்? டேட்டாவோடு ஒரு கருவியும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

2021 பிப்ரவரியில் திறந்தார்கள், மார்ச்சில் மறுபடி மூடினார்கள், செப்டம்பரில்தான் மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பினோம். அந்தப் பதிவுகளை நான் அழிக்கவில்லை. பகுதிநேர வேலைக்குப் போகும் பிள்ளைகள் இப்போதும் கேட்டு வாங்குகிறார்கள். மேட்ரிக்ஸ் பாடத்தில் வரும் ஐகன் மதிப்பு பற்றிய பதிவில் மட்டும் ஒலி தெளிவாக இல்லை. இந்த வாரம் அதைத் திரும்பப் பேசி அனுப்ப வேண்டும்.