1912-இல் கட்டிய வீடு: பசடீனா நாட்குறிப்பு

2025 செப்டம்பர் 7, ஞாயிறு

கலிஃபோர்னியாவின் பசடீனாவில், பங்களோ ஹெவன் பகுதியில், 1912-இல் கட்டிய கிராஃப்ட்ஸ்மன் வீடு (மரமும் கைவேலையும் முன்னே நிற்கும் பாணி) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. இன்று மதியம் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று பலகை வைத்திருந்தார்கள். போனோம். தாழ்ந்து அகன்ற கூரை, கூரைக்கு வெளியே தலை நீட்டும் கைமரங்கள், ஆற்றுக் கற்களை அடுக்கிய தூண்கள், நம் ஊர்த் திண்ணை மாதிரி முன்பக்கம் முழுக்க ஓடும் முகப்பு. கேட்கும் விலை 14 லட்சம் டாலர்.

முகவர் எங்களை நேராகச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். புது அடுப்பு, கல் மேடை, எல்லாம் பளபள. அதெல்லாம் பணம் இருந்தால் யாரும் எப்போதும் போட்டுக்கொள்ளலாம். எனக்குக் கண் போனது கூடத்தின் மேல்தான். உத்தரங்கள், சுவரோடு சேர்த்துச் செய்த அலமாரி, தோள் உயரம் வரை ஓடும் பலகை, அத்தனையும் பெயிண்ட் இல்லாத டக்ளஸ் ஃபர் மரம். இவ்வளவு நெருக்கமான இழை உள்ள பலகை இன்று மரக்கடையில் கிடைக்காது. பல நூறு ஆண்டு நின்று வளர்ந்த காட்டு மரம் அது. அந்தக் காடுகளில் பெரும்பகுதி வெட்டித் தீர்ந்தாயிற்று. இந்த வீட்டின் விலை இந்தக் கூடத்தில் இருக்கிறது, சமையலறையில் இல்லை.

“பிடிச்சுப்போச்சுன்னு முகத்திலேயே தெரியுது, கொஞ்சம் அடக்கி வாசி” என்றார் ரவி, காரில் ஏறும்போது.

செப்டம்பர் 9, செவ்வாய்

இரவு உட்கார்ந்து விதிமுறைகளைப் படித்தேன். இங்கே ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பியபோது அக்கம்பக்கத்தார் பொங்கி எழுந்ததால்தான் 1989-இல் பங்களோ ஹெவன் இந்நகரின் முதல் பாதுகாக்கப்பட்ட குடியிருப்புப் பகுதியானது. தெருவிலிருந்து தெரியும் பெரிய மாற்றங்களுக்கு நகராட்சியின் அனுமதி வேண்டும். சரி, நல்லது. ஆனால் அந்தப் பாதுகாப்பு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் மரம் முழுவதற்கும் நாளைக்கே வெள்ளை பெயிண்ட் அடித்தாலும் கேட்க ஆள் இல்லை.

இதே ஊரில் நடந்ததுதான். கட்டடக் கலைஞர்களான கிரீன் சகோதரர்கள் 1907-இல் வடிவமைத்த பிளாக்கர் இல்லத்தை 1985-இல் வாங்கியவர், அதற்கென்றே செய்த விளக்குகளைக் கழற்றி விற்பனைக்கு அனுப்பினார். ஊரே கொதித்தது. அதற்கப்புறம் அந்தச் சகோதரர்களின் வீடுகளுக்கென்று நகராட்சி தனி விதி கொண்டுவந்தது. பெயர் தெரியாத மேஸ்திரிகளும் தச்சர்களும் கட்டிய நூற்றுக்கணக்கான சின்ன வீடுகளுக்கு அந்தக் காவல் கிடையாது. வாங்குகிறவர் மனசுதான் காவல்.

செப்டம்பர் 13, சனி

இன்று வீட்டுக்காரரே இருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவர் வாங்கியபோது மரமெல்லாம் பெயிண்ட் பூசியிருந்ததாம், ஒன்றன்மேல் ஒன்றாக. வீட்டு பெயிண்டில் ஈயத்தை இங்கே தடைசெய்த 1978-க்கு முந்தைய வீடு என்பதால் அதில் ஈயம் இருக்கும்; சும்மா தேய்த்தால் தூசி நுரையீரலுக்குப் போகும். ஆகவே மிதமான சூட்டில் இளக வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு, அறை அறையாகச் சுரண்டியிருக்கிறார்.

“எனக்கு அதிர்ஷ்டம், அடியில் ஷெல்லாக் இருந்தது” என்றார். நம் அரக்கிலிருந்து எடுக்கும் அதே ஷெல்லாக்தான். அந்தக் காலத்துத் தச்சர்கள் அதை முதலில் பூசியிருந்ததால் பெயிண்ட் மரத்தின் நுண்துளைக்குள் இறங்கவில்லை, மேலேயே நின்றுவிட்டது. ஒரு அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் துணியில் கொஞ்சம் ஆல்கஹால் நனைத்து ஒற்றிக் காட்டினார். தேன்நிறம் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆல்கஹாலில் கரைந்தால் அது ஷெல்லாக், கரையாவிட்டால் வேறு வார்னிஷ். இந்தச் சின்னச் சோதனையை இனி எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் செய்து பார்ப்பேன்.

ஜன்னல்களும் பழையவைதான். சட்டத்துக்குள்ளே கப்பி, கயிறு, இரும்பு எடை. கயிறு மட்டும் மாற்றியிருக்கிறார். ஒற்றை விரலால் தூக்கினேன். ஏறி, விட்ட இடத்தில் நின்றது. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. பழைய மர ஜன்னல் எந்த இடத்தில் கெட்டாலும் அந்த இடத்தை மட்டும் பழுது பார்க்கலாம். பிளாஸ்டிக் கெட்டால் முழுசாகக் குப்பைக்குத்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கேம்பிள் இல்லம் போய்வந்தோம். 1908-இல் கிரீன் சகோதரர்கள் வடிவமைத்தது. 1966-இல் அந்தக் குடும்பம் நகருக்கே கொடுத்துவிட்டது. உள்ளே தேக்குப் படிக்கட்டு. கைபடும் விளிம்பு ஒன்றுகூடக் கூராக இல்லை, அத்தனையும் கையால் இழைத்து உருட்டியது.

ஒரு செய்தி மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆஷ்பீ என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 1909-இல் இந்த ஊருக்கு வந்து, சார்லஸ் கிரீனின் வேலையைப் பார்த்து மனமாரப் பாராட்டினார். அதே ஆஷ்பீதான் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இங்கிலாந்தில் பாழடைந்து கிடந்த நார்மன் சேப்பலை, நம் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி குடியிருப்பதற்காகப் புதுப்பித்துக் கொடுத்தவர். குமாரசுவாமி இலங்கைக் கைவினைகளைப் பற்றி எழுதிய பெரிய நூலை, ஆங்கிலக் கைவினை இயக்கத்தின் முன்னோடி வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சிட்டார். கைவேலைக்கு மரியாதை கேட்ட அந்தக் கூட்டத்தில் நம்மவர் ஒருவரும் நடுநாயகமாக இருந்திருக்கிறார். ரவியிடம் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

விலை எழுதிக் கொடுத்தோம். கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாக.

செப்டம்பர் 18, வியாழன்

ஒப்புக்கொண்டார்! இன்னொருவர் கூடுதல் தொகை சொல்லியும், மரத்தை அப்படியே வைப்போம் என்று நாங்கள் சொன்னதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டதாம். முகவர் சொன்னார்.

செப்டம்பர் 22, திங்கள்

வீட்டை ஆராய வந்தவர் முதலில் தரைக்கு அடியில் தவழ்ந்து போனார். பீங்கான் குமிழ்களில் ஓடிய பழைய மின்கம்பியை எல்லாம் அகற்றிப் புதிதாக இழுத்திருக்கிறார்கள். அஸ்திவாரத்தோடு மரச்சட்டத்தைப் போல்ட் போட்டு இறுக்கி, இடையில் உள்ள குட்டைச் சுவர்களுக்குப் பிளைவுட் அடித்திருக்கிறார்கள். நிலநடுக்கத்தில் இந்த வகை வீடுகள் அஸ்திவாரத்தை விட்டு நழுவுவது அங்கேதான். அப்பாடா என்றிருந்தது.

பிரச்சினை புகைபோக்கி. உள்ளே கம்பியில்லாத செங்கல். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் இப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கில் சரிந்தன. “இடித்தே ஆகணும்” என்றார்.

எனக்குப் பகீர் என்றது. அந்தப் புகைபோக்கியின் கீழேதான் கணப்பு. அதைச் சுற்றிப் பேட்செல்டர் டைல்ஸ். எர்னஸ்ட் பேட்செல்டர் 1910-இல் இதே பசடீனாவில் தன் வீட்டுக் கொல்லையில் சூளை போட்டுத் தொடங்கிய தொழில். மங்கிய பழுப்பு, பள்ளங்களில் மட்டும் நீலம் தங்கியிருக்கும். இந்த ஜனவரியில் ஈட்டன் தீ பக்கத்து ஆல்டடீனாவில் 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை எரித்துவிட்டது. வீடு போய்ப் புகைபோக்கி மட்டும் நின்ற இடங்களில் தன்னார்வலர்கள் சாம்பலுக்குள் நின்று இந்த டைல்ஸை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் காப்பாற்றினார்கள். அங்கே அத்தனை பாடுபட்டு மீட்டதை, இங்கே முழுசாக இருக்கும்போது உடைக்க விடுவதா?

செப்டம்பர் 26, வெள்ளி

கொத்தனார் வந்து பார்த்தார். பழைய கணப்புகளில் ஊறியவர். முழுவதும் இடிக்க வேண்டாம் என்றார். கூரைக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் கழற்றி, உள்ளே லேசான உலோகக் குழாய் இறக்கி, பழைய செங்கலையே மெல்லிசாக அறுத்து வெளியே ஒட்டினால் தெருவிலிருந்து பார்க்கப் பழையபடியே இருக்கும். கூடத்து டைல்ஸில் கை வைக்க வேண்டியதில்லை. செலவில் பாதியை விலையில் கழித்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார்.

காப்பீட்டுக்கு ஒரு நிறுவனம் கையை விரித்தது. இன்னொன்று, புது மின்கம்பிக்கான சான்றிதழைப் பார்த்தபின் சரி என்றது. மில்ஸ் சட்டத்துக்கும் விண்ணப்பிக்கப் போகிறோம். 1972-இல் வந்த மாநிலச் சட்டம். வீட்டைப் பாதுகாப்பதாக நகரோடு பத்தாண்டு ஒப்பந்தம் போட்டால் சொத்து வரி நன்றாகக் குறையும். ஒவ்வோர் ஆண்டும் அது தானாக நீளும், அடுத்து வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும்.

அந்த ஒப்பந்தத்தில் உள்மரத்தையும் கணப்பையும் பெயர் சொல்லிச் சேர்க்க முடியுமா என்று திங்கட்கிழமை நகராட்சியில் நேரில் போய்க் கேட்கப் போகிறேன். கூடத்துப் படங்களை ரவி இப்போதே அச்செடுத்துக்கொண்டிருக்கிறார்.