1.0 என்று எப்போது எழுதுவது?

கோத்தகிரிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையை எடை போட்டுக் கணக்கு வைப்பதற்காக நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து எழுதிய திறந்த மூல மென்பொருளுக்கு இன்னும் 0.9 என்ற பதிப்பு எண்தான் இருக்கிறது; நம்பிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் முதல் பதிப்புக்கே 1.0 என்று எழுதுவது வழக்கம். போன சித்திரையிலேயே 1.0 வெளியிட்டிருக்க வேண்டும் என்பது நண்பரின் குறை. தேதியைக் குறித்துவிட்டு, அதற்குள் முடிந்ததை வெளியிட்டு, முடியாததை அடுத்த பதிப்புக்குத் தள்ள வேண்டும் என்பார். உபுண்டு என்ற கணினி இயங்குதளத்தில் 2004 அக்டோபரிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. நான் டெபியன் என்ற இன்னொரு இயங்குதளத்தின் கட்சி. அங்கே தயாரானால்தான் வெளியீடு. 2002 ஜூலையில் ஒரு பதிப்பு வந்தபின் அடுத்தது 2005 ஜூனில்தான் வந்தது என்பதை நண்பர் எனக்கு அடிக்கடி நினைவூட்டுவார்.

இந்த வாக்குவாதத்தை வேறு பக்கம் திருப்பியது ஒரு நாற்பது பக்க நோட்டு. சோதனைக்காக மென்பொருளை வைத்திருந்த, தேயிலை எடை போடும் ஷெட்டுக்கு மாதக் கடைசியில் வந்த ஓர் அக்கா, தன் கைக்கணக்கில் நான்கு கிலோ கூடுதலாக இருப்பதாகச் சொல்லி, "தம்பி, நான்தான் தப்பா எழுதிட்டேனோ?" என்று தயக்கத்துடன் கேட்டார். அவர் எழுதியதில் தவறே இல்லை. சாக்கு எடையும் மழை ஈரமும் கழித்தபின் மிஞ்சும் அரை கிலோவை முழுக் கிலோவாகச் சேர்ப்பது எங்கள் ஷெட் வழக்கம். அதற்கு நான் பயன்படுத்திய பைத்தான் 3 நிரல்மொழியின் ரவுண்ட் (முழு எண்ணாக்கும்) கட்டளையோ, சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும்: 13.5 என்றால் 14, 12.5 என்றால் 12. எப்போதும் மேலேயே ஏற்றினால் பெரிய கூட்டல்களில் மிகை சேர்ந்துவிடும் என்பதால் வேண்டுமென்றே வைத்த விதி அது. படிக்காமல் பயன்படுத்தியது என் பிழை. நான் எழுதிய சோதனைகளில் 7.5, 11.5, 13.5 ஆகியவை மட்டுமே இருந்தன. மூன்றும் மேலே ஏறுபவை, ஆகவே எல்லாம் பச்சை விளக்கு காட்டின. அக்காவுக்கு அந்த மாதம் நான்கு முறை இரட்டைப்படையோடு அரை வந்திருக்கிறது.

அன்று எங்கள் பட்டியலில் திருத்தப்படாமல் திறந்திருந்த வழுக்கள், அதாவது மென்பொருள் பிழைகள், 23. இந்த வழு அவற்றில் இல்லவே இல்லை. அந்த எண்ணிக்கை பூஜ்யமானால் வெளியிடலாம் என்று நான் காத்திருந்தது எவ்வளவு வீண் என்பது அப்போதுதான் உறைத்தது. டெபியன்காரர்களும் எல்லா வழுக்களும் தீரும் வரை காத்திருப்பதில்லை. தரவை அழிப்பது, பாதுகாப்பில் ஓட்டை போடுவது போன்றவற்றை வெளியீட்டைத் தடுக்கும் வகையில் சேர்த்து, மற்றவற்றோடு வெளியிடுகிறார்கள். பல ஆண்டுகளாக அவர்கள் கட்சி என்று சொல்லிக்கொண்டிருந்த நான் அந்தப் பகுதியைக் கவனிக்கவில்லை.

பிறகு இருவரும் உட்கார்ந்து பட்டியலை வேறு கேள்வியோடு பிரித்தோம்: தவறு நடந்தால் பயன்படுத்துபவருக்கு அது தெரியுமா? ரசீது அச்சாகாவிட்டால் தெரியும், கையால் எழுதிக்கொள்வார்கள். ஐப்பசி மழையில் நெட்வொர்க் போய்த் தரவு ஏறாவிட்டால் திரையில் சிவப்புக் குறி வரும். தவறான எடையைச் சரியான எடை போலக் காட்டினால் மட்டும் யாருக்கும் தெரியாது, நோட்டு வைத்திருப்பவரைத் தவிர. அவரும் தன்னையே சந்தேகிப்பார். அந்த வகையில் மூன்று வழுக்கள் தேறின. மீதி இருபதோடு வெளியிடலாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன், சற்று வெட்கத்தோடு.

உபுண்டு, டெபியன் இரண்டுக்கும் மையமாக உள்ள லினக்ஸ் கர்னலில் புதியவற்றைச் சேர்க்க இரண்டு வாரம் கொடுத்துவிட்டு, அதன்பின் வாரம் ஒன்றாக ஏழெட்டு முன்பதிப்புகளைத் திருத்தங்களுக்காக மட்டுமே விடுகிறார்கள். எங்கள் ஊருக்கு வாரம் பொருந்தாது; கணக்கு முடிவதே மாதத்துக்கு ஒரு முறைதான். ஆகவே மூன்று வழுக்களையும் திருத்திய முன்பதிப்பை இரண்டு ஷெட்டுகளில் வைத்திருக்கிறோம். இரண்டு மாதம் நோட்டும் நிரலும் கிலோ பிசகாமல் ஒத்துப்போனால், அதே கோப்புக்கு 1.0 என்று பெயர் மாற்றுவோம். நண்பர் சேர்க்க ஆசைப்பட்ட கறுப்புப் பின்னணித் திரை வசதி அதில் இருக்காது.