14 கோர் ஜியானா, 6 கோர் ரைசனா?

எங்கள் தொழிலில் இருக்கும் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். "அக்கா, 14 கோர், 28 த்ரெட், போர்டு, 32 ஜிபி ராம், எல்லாம் சேர்த்தே இவ்வளவுதானாம். இதே காசுக்குப் புது ரைசன் 5 எடுத்தா வெறும் 6 கோர். அது எதுக்குக்கா?" வீட்டு எலிவேஷன், அதாவது வீட்டு முகப்பின் 3டி படம், செய்துகொடுப்பவர்களிடம் இந்தக் கேள்வி ரொம்ப நாளாகவே சுற்றுகிறது. வாய்ஸ் நோட்டில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கோர் என்பது சிப்புக்குள் தனியாக வேலை பார்க்கும் ஒரு மூளை, த்ரெட் என்பது அது ஒரே நேரத்தில் கையில் எடுக்கும் வேலை வரிசை. ரைசன், ஏஎம்டி கம்பெனியின் சிப். அவன் காட்டியது இன்டெல் ஜியான் ஈ5-2680 வி4. 2016இல் வந்த சர்வர் சிப். அப்போது இன்டெல் போட்ட விலை 1,745 டாலர். இன்று பழைய சிப்பாகச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. விலை இவ்வளவு இறங்கியதால் கோளாறு இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். டேட்டா சென்டர்காரர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை சர்வர்களை மொத்தமாக மாற்றுவார்கள். சிப் தின்னும் கரண்ட், அதைக் குளிர்விக்கும் செலவு, ரேக்கில் அது அடைக்கும் இடம், இதெல்லாம்தான் அவர்களுக்குப் பெரிய கணக்கு. புதுச் சர்வர் ஒன்று பழையது இரண்டு மூன்றின் வேலையைப் பார்த்துவிடும் என்றால், பழையதை ஓட விடுவதே நஷ்டம். அப்படிக் கழித்துவிட்ட நல்ல சிப்புகள்தான் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வருகின்றன. அவற்றைப் பொருத்துவதற்கென்றே சீனாவில் சின்னக் கம்பெனிகள் எக்ஸ்99 போர்டுகளைச் செய்து விற்கின்றன. காம்போவில் வருவது பெரும்பாலும் அதுதான்.

சரி, வேகத்துக்கு வருவோம். இந்த ஜியான் 3.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் என்று போட்டிருப்பார்கள். அது ஒன்றிரண்டு கோர் மட்டும் வேலை செய்யும்போதுதான். பதினாலும் சேர்ந்து உழைத்தால் 2.9க்கு இறங்கிவிடும். ரைசன் 5 5600 எல்லா கோரும் ஓடும்போதே சுமார் 4.3இல் நிற்கும். பேப்பரில் பெருக்கிப் பாருங்கள்: 14 பெருக்கல் 2.9 என்றால் 40 சொச்சம். 6 பெருக்கல் 4.3 என்றால் 26க்குக் கொஞ்சம் குறைவு. ஜியான் ஒன்றரை மடங்கு மேலே இருக்க வேண்டும். ஆனால் ரைசனின் ஜென் 3 கோர், ஒவ்வொரு கிளாக் துடிப்பிலும் 2016 கோரைவிடக் கூடுதல் வேலையை முடித்துவிடுகிறது. அதனால் சினிபெஞ்ச் ஆர்23 மாதிரி எல்லா கோரையும் பிழியும் டெஸ்டில்கூட இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் வருகின்றன. ஜியான் கொஞ்சம் முன்னால். 5600 உட்காரும் அதே ஏஎம்4 போர்டில் 8 கோர் ரைசன் 5700எக்ஸ் போட்டால் அந்த முன்னிலையும் போய்விடும். ஒற்றைக் கோர் டெஸ்டில் போட்டியே இல்லை. ரைசன் எடுக்கும் மதிப்பெண்ணில் ஜியான் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான்.

நம் வேலைக்கு அந்த ஒற்றைக் கோர்தான் முக்கியம். நாம் வரையும் ஸ்கெட்ச்அப், ஆட்டோகேட் இரண்டும் பெரும்பாலான நேரம் ஒரே கோரில் ஓடுபவை. கல்யாண வீட்டில் பதினாலு பேர் உட்கார்ந்து காய் நறுக்கலாம், சாம்பாரைத் தாளிப்பது ஒரு கைதான். ஷேடோவை ஆன் பண்ணி, வாசலில் நாலு மரம், ஒரு கார் வைத்துவிட்டு மாடலைத் திருப்பினால் அது திக்கித் திக்கி நகரும் பாருங்கள், அங்கே மீதிப் பதிமூன்று கோரும் வேடிக்கைதான் பார்க்கும். கஸ்டமர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து "பால்கனியை இன்னும் ஒரு அடி வெளியே இழுங்க மேடம்" என்று சொல்லும் நேரத்தில் மெஷின் யோசித்துக்கொண்டிருந்தால் நமக்குத்தான் மானம் போகும்.

மாடலை நிஜம் போன்ற படமாக்கும் ரெண்டர் வேலையை வி-ரேயிலோ பிளெண்டர் சைக்கிள்ஸிலோ சிபியூவில், அதாவது இந்தச் சிப்பிலேயே, செய்தால் கதை வேறு. அங்கே பதினாலும் உழைக்கும். ஆனால் இப்போது நம்மில் பாதிப் பேர் என்ஸ்கேப், லூமியன், டி5 என்று போய்விட்டோம். அதெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. அப்புறம் 14 கோரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சர்வர் சிப்பின் மதிப்பு கோர் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, அதைச் சுற்றி இருப்பதிலும் இருக்கிறது. இந்த ஜியானுக்கு ராமோடு பேசும் பாதை (சேனல்) நாலு, ரைசனுக்கு இரண்டு. கார்டுகளையும் எஸ்எஸ்டியையும் சிப்போடு இணைக்கும் பிசிஐஈ லேன் 40, அதனால் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு, நாலைந்து எஸ்எஸ்டி தாராளமாகப் போடலாம். சர்வரில் இருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ஈசிசி ராமை ஏற்கும். அந்த ராம் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் ஓடாது என்பதால் வாங்க ஆள் குறைவு. 64, 128 ஜிபி என்று போக வேண்டியவர்களுக்கு இது நிஜமான லாபம். ஈசிசி என்பது ராமில் ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும் வசதி. கூகுள் சர்வர்களை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ராம் குச்சிகளில் பிழை தென்பட்டது. கணக்கு வழக்கு, பேக்கப் வைத்திருக்கும் மெஷினுக்கு இது அவசியம். ரெண்டர் படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறினால், வீடு கட்டுபவர் கண்டுபிடிக்கப் போவதில்லை.

என்னிடம் இரண்டும் இருக்கின்றன. உட்கார்ந்து வரைவது 5700எக்ஸில். மூலையில் இருக்கும் ஜியான், இரவில் வாக்த்ரூ வீடியோவின் ஃபிரேம்களைப் போட்டுத் தள்ளும். அதன் போர்டு பெயர் தெரியாத ஒன்று. ஸ்லீப்பில் போட்டால் எழுந்திருக்காது, பயாஸ் அப்டேட் என்ற பேச்சே இல்லை. வேலை இருந்தால் ஆன், முடிந்தால் ஆஃப்.

ஆஃப் செய்வதற்குக் காரணம் கரண்ட் பில். ஜியானின் டிடிபி (முழு வேலையில் சிப் வெளிவிடும் சூட்டின் கணக்கு, கரண்ட் செலவுக்கும் தோராயமான அளவு) 120 வாட், 5600, 5700எக்ஸ் இரண்டுக்கும் 65 வாட். மொத்த மெஷினாகப் பார்த்து 60 வாட் கூடுதல் என்று வைத்துக்கொண்டாலும், இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 86 யூனிட் அதற்கே போகும். ஏற்கெனவே ஏசி ஓடுகிற வீட்டில் அது மேல் ஸ்லாபில் போய் விழும். விளம்பரத்தில் இந்த விலையை யாரும் சேர்ப்பதில்லை. இன்னொன்று, இந்த ஜியான் விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10 ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்றலாம். என்னுடையதில் லினக்ஸ்தான்.

தம்பி, காசு கொடுப்பதற்கு முன் ஒன்று செய். இப்போது இருக்கும் மெஷினில் டாஸ்க் மேனேஜரைத் திற. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூ கிராஃப் மேல் ரைட் கிளிக் பண்ணி, ஒவ்வொரு லாஜிக்கல் பிராசஸரும் தனித்தனிக் கட்டமாகத் தெரியும்படி மாற்று. பிறகு வழக்கம்போல வேலை பார். மெஷின் திணறும் நேரத்தில் ஏதோ ஒன்றிரண்டு கட்டம் மட்டும் ஏறி, மற்றதெல்லாம் தரையில் கிடந்தால் 5600 எடு, மிச்சக் காசைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடு. எல்லாக் கட்டமும் மணிக்கணக்காக உச்சியில் நின்றால் ஜியானை யோசி, அதுவும் இரண்டாவது மெஷினாக. இந்த ஜியானை இரண்டாகப் பொருத்தும் இரண்டு சாக்கெட் போர்டு பற்றியும் கேட்டிருந்தாய். ஸ்கெட்ச்அப்புக்கு 28 கோரும் ஒன்றுதான், 14 கோரும் ஒன்றுதான்.